"நூறு குடுத்தா மிச்சம் எவ்வளவு மக்கா?" - பிள்ளைகளுக்குச் சில்லறை எண்ணப் பழக்கும் எளிய வழிகள்!

நாகர்கோவில் வடசேரி சந்தை. தேங்காய், ஏத்தம்பழம், மரச்சீனி எல்லாம் பைக்குள் போனதும் அம்மா போனை எடுத்து ஸ்கேன் செய்கிறார். பணம் வந்துவிட்டதாகக் கடையில் இருக்கும் ஸ்பீக்கர் சொல்கிறது. வியாபாரம் முடிந்தது! பக்கத்தில் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு மிச்சம் வந்தது என்று பார்க்க அங்கே எதுவுமே இல்லை.

2016-ல் யுபிஐ வந்தபிறகு காசு கைமாறுவதைப் பிள்ளைகள் பார்ப்பதே குறைந்துவிட்டது. நோட்டில் 100-லிருந்து 37-ஐக் கழித்து 63 என்று சரியாக எழுதும் பிள்ளை, பெட்டிக்கடைக்கு முன்னால் நூறு ரூபாய்த் தாளோடு நிற்கும்போது திணறுகிறது. ஏன்?

தேங்காய் விற்ற சிறுவன்

பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் பொருள் வாங்குவதுபோலப் பேசிக் கணக்குக் கேட்டார்கள். 63 கேள்விகளில் 98 சதவிகிதத்துக்குச் சரியான பதில் வந்தது. அதே எண்களை வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 சதவிகிதம்தான் சரி. 1985-ல் வெளியான ஆய்வு இது. அதில் 12 வயதுச் சிறுவனிடம், ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல அவன் பூஜ்யம் சேர்க்கவில்லை. மூன்று தேங்காய்க்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, மறுபடி மூன்றுக்கு 315, கடைசி ஒன்றோடு 350 என்று கூட்டிக்கொண்டே போனான்.

நம் நாட்டிலும் இதே கதைதான். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் நடத்திய ஆய்வு 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகள் பள்ளிப் பாணிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக் கணக்கு மட்டும் பழகியவர்கள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒன்று தெரிந்தால் இன்னொன்று தானாக வந்துவிடாது. இரண்டையும் இணைக்க வேண்டியது நாம்தான்.

சக்கரம் எண்ணிய மண்

நாஞ்சில் நாட்டுக்குச் சில்லறைக் கணக்கு புதிதல்ல. 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு இணைவதற்கு முன் இது திருவிதாங்கூர் மண். சமஸ்தான காலத்துக் கணக்கைப் பாருங்கள்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆரல்வாய்மொழியைத் தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் போனால் 16 அணா கொண்ட பிரிட்டிஷ் ரூபாய். அதற்கு இங்கே 28 சக்கரமும் 8 காசும்!

வெள்ளிச் சக்கரம் மிகச் சின்னது. ஒவ்வொன்றாக எண்ணினால் பொழுது விடிந்துவிடும். அதனால் வரிசையாகக் குழி போட்ட மரப்பலகை வைத்திருந்தார்கள். காசை அள்ளிக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக விழும். பலகை நிறைந்தால் எண்ணிக்கை கையில். காசைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு எண்ணிய முறை அது. பிள்ளைகளுக்கும் அதுதான் சரியான தொடக்கம்.

வீட்டில் எப்படிப் பழக்குவது?

*பிரிக்கச் சொல்லுங்கள்:* சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து ஒரு ரூபாய் நாணயங்கள்தான் 'நிறைய'. ஓர் ஐந்து ரூபாய் 'ஒண்ணே ஒண்ணு'! 1, 2, 5, 10, 20 என நாணயங்களைத் தனித்தனியாக அடுக்கச் சொல்லுங்கள். பிறகு "அஞ்சு ஒரு ரூபாய் தா, ஓர் அஞ்சு ரூபாய் தாரேன்" என்று மாற்றி மாற்றி விளையாடுங்கள். 12 பக்கம் கொண்ட 20 ரூபாய் நாணயத்தைக் கண்ணை மூடித் தடவியே கண்டுபிடிப்பார்கள்.

*பெரியதில் தொடங்குங்கள்:* கலந்து கிடக்கும் காசை எண்ணும்போது முதலில் தாள், அடுத்து பெரிய நாணயம், கடைசியில் சின்னது.

*கழிக்க வேண்டாம், ஏறி வாருங்கள்:* இதுதான் முக்கியம். 37 ரூபாய்க்குச் சாமான், கொடுத்தது 100. கழித்தல் கணக்கைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். 37-லிருந்து தொடங்கி, ஒரு ரூபாய் வைத்தால் 38. இரண்டு ரூபாய் வைத்தால் 40. பத்து வைத்தால் 50. ஐம்பது வைத்தால் 100. வைத்ததை எண்ணினால் 63! இதையே உடனே நோட்டில் கழித்தலாகவும் எழுத வையுங்கள். இரண்டும் ஒரே கணக்கு என்பது அப்போதுதான் பிடிபடும்.

*அடுத்த படி:* "ஏழு ரூபாய் சில்லறை இருக்கா?" என்று கடைக்காரர் ஏன் கேட்கிறார்? 107 கொடுத்தால் 70 ரூபாயாகத் திருப்பித் தந்துவிடலாம். இந்தச் சூட்சுமம் புரிந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

கடைக்கு அனுப்புங்கள்

முதலில் விலை தெரிந்த ஒரே ஒரு பொருள் போதும். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, நீங்களும் கூடப் போய் இரண்டடி தள்ளி நில்லுங்கள். தப்பாக எண்ணினால் கடையில் வைத்துத் திட்டாதீர்கள். அந்த வெட்கத்தில் அடுத்த முறை எண்ணவே மாட்டார்கள். போனில்தான் பணம் கொடுக்கிறீர்களா? தொகையைப் பிள்ளையே கூட்டிச் சொல்லட்டும்.

மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம் என்று நம் மாவட்டத்தில் திருவிழாக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பாட்டா தரும் திருவிழாக் காசைப் பிடுங்கி வைக்காமல், பிள்ளை கையிலேயே விடுங்கள். எதை வாங்குவது, எதை விடுவது, மிச்சம் எவ்வளவு என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

மிச்சக் காசு குறைந்தால் தைரியமாகக் கேட்கவும், கூடுதலாக வந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கவும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். எண்ணத் தெரிந்த பிள்ளைதான் இரண்டையும் செய்ய முடியும்.