காவல் என்னும் பெயரால்

இற்செறிப்பு, உடன்போக்கு, அறத்தொடு நிற்றல் ஆகியன நம் மாணவர் நன்கறிந்த அகத்துறைகள். தலைவியை இல்லத்துள் அடைத்துக் காப்பது முதலாவது. விரும்பியவனுடன் அவள் செல்வது இரண்டாவது. அவள் உள்ளத்தைத் தோழியும் செவிலியும் வீட்டார்க்கு உணர்த்துவது மூன்றாவது. நம் முன்னோர் 'அறம்' என்ற சொல்லைக் காவலோடு சேர்க்கவில்லை. அவள் விருப்பத்தை எடுத்துரைக்கும் செயலோடு சேர்த்தனர். இது சிந்திக்கத்தக்கது.

ஆண் மேலாண்மைக் கருத்தோ இதற்கு மாறானது. பெண் குலத்தின் உடைமை. ஆண் அவளுக்குக் காவலன். பிற குலத்தான் அவளைக் கவர வரும் பகைவன் என்பதே அதன் சாரம். பிறர்மீது பகை வளர்க்க விரும்பும் இயக்கங்களுக்கு இஃது எளிய கருவியாகிறது.

தொலைவில் தேட வேண்டியதில்லை. திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்தில் வாழும் பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் ச. இராமதாசு, 2012இல் 'நாடகக் காதல்' எனும் குற்றச்சாட்டைப் பரப்பினார். தலித் இளைஞர் பொய்க்காதலால் பிற சாதிப் பெண்களை ஏமாற்றுகின்றனர் என்பது அதன் பொருள். அவ்வாண்டு நவம்பர் 7 அன்று, ஒரு கலப்புமணத்தைக் காரணமாக்கி, தருமபுரி மாவட்டம் நத்தம் முதலிய மூன்று தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கி எரிக்கப்பட்டன.

சாதியின் இடத்தில் சமயத்தை வைத்தால் அதுவே 'லவ் ஜிகாத்' ஆகிறது. சேலத்தில் ஓமியோபதி பயின்ற ஹாதியா, வயது வந்தவர். இஸ்லாத்தைத் தழுவித் தாமே விரும்பி மணந்தவர். கேரள உயர்நீதிமன்றம் 2017இல் அத்திருமணத்தை இரத்துச் செய்தது. உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 8 அன்று அதனை மீண்டும் நிலைநிறுத்தியது. கடல் கடந்தும் இதே நோய்தான்: 2011 சூலை 22 அன்று நார்வேயில் 77 பேரைக் கொன்றவன், தன் நீண்ட அறிக்கையில் முஸ்லிம்களோடு பெண்ணுரிமையையும் பகையாகச் சாடியிருந்தான்.

எனினும் பிறரைச் சுட்டும் விரல் நம்மையும் சுட்டவேண்டும். தம் சம்மதமின்றித் தந்தை மணமுடித்ததாக கன்ஸா (ரலி) முறையிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அம்மணத்தைச் செல்லாததாக்கினார்கள். இதை அறிந்த நாம், நம் வீட்டு நிக்காஹ்களில் மணமகளின் சம்மதத்தை உண்மையாகவே கேட்கின்றோமா, வெறும் சடங்காக்கிவிட்டோமா?

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பேருந்தேறிக் கல்வி தேடிவரும் மாணவியர்க்குக் காவலர் பலர் உளர். செவிசாய்ப்போரே தேவை. அதுவே அறத்தொடு நிற்றலாகும்.