பழைய கம்ப்யூட்டரில் டிவி பார்க்கலாம்

மாதா மாதம் கேபிளுக்குப் பணம் கட்டுகிறீர்களா? பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால், என் வீட்டில் செய்திருப்பது போல நீங்களும் செய்யலாம்.

விண்டோஸ் மீடியா சென்டர் 2015ல் விண்டோஸ் 10 வந்தபோது நீக்கப்பட்டது. அந்த வேலையை இப்போது கோடி என்ற இலவச புரோகிராம் செய்கிறது. லினக்ஸும் கோடியும் சேர்ந்த தொகுப்பு லிப்ரஎலெக். இதை இன்ஸ்டால் செய்தால் அந்த ஹார்ட் டிஸ்கில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். எனவே போட்டோக்களை முதலில் பேக்கப் எடுங்கள்.

கோடி தானாகச் சேனல் தராது. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை. அதற்கு ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கிய டிஷ் ஆன்டெனாவும் டிவிபி-எஸ்2 டியூனரும் வேண்டும். டியூனர் லினக்ஸில் இயங்குமா என்று கேட்டு வாங்குங்கள். டிவிஹெட்எண்ட் என்ற ஆட்-ஆன் சேனல்களைக் கோடிக்குத் தரும், ரெக்கார்டும் செய்யும். ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்றே படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டு போகும்.

மின்சாரம்? 60 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர் தினம் 5 மணி நேரம் ஓடினால் மாதம் 9 யூனிட்.

ஒரு விஷயம்: கட்டணச் சேனல்கள் இதில் வராது. வீட்டில் சீரியல் பார்ப்பவர்களிடம் கேட்டுவிட்டு கேபிளை நிறுத்துங்கள்!