பேய்க்கதை என்றால் சிறுகதைதான்

வங்காளத்தில் குடியிருக்கும் நம்மவர்கள் கவனித்திருப்பீர்கள்: மீனையும் இனிப்பையும் போலவே பேய்க்கதையும் இங்கே வீட்டுச் சாமான். கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் பேய்க்கதைத் தொகுதிகளை வாங்குகிறவர்கள் குழந்தைகள் மட்டுமல்ல. வங்கி அதிகாரியும் கல்லூரிப் பேராசிரியரும் சிறிதும் கூசாமல் வாங்குகிறார்கள். ரவீந்திரநாத் தாகூரே எழுதியிருக்கும்போது கூச்சம் எதற்கு?

1895இல் வெளிவந்த அவருடைய ‘க்ஷுதித பாஷாண்’ கதையின் தலைப்புக்குப் ‘பசித்த கல்’ என்று பொருள். பதினேழு வயதில் அண்ணன் சத்யேந்திரநாத்துடன் அகமதாபாத்தின் ஷாஹிபாக் அரண்மனையில் தங்கியிருந்த நினைவு அதற்கு வித்து. பாழடைந்த அரண்மனையில் இரவுதோறும் நடப்பதை, ரயிலுக்குக் காத்திருக்கும் முன்பின் தெரியாத ஒரு பயணி சொல்லிக்கொண்டு வருகிறார். மர்மம் அவிழப்போகிற சமயத்தில் வண்டி வந்துவிடுகிறது. மீதிக் கதை நமக்குக் கிடைப்பதே இல்லை.

அந்தத் துண்டிப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பேன். பயம் நம் டிகிரி காப்பி மாதிரி, ஆறினால் போயிற்று. நானூறு பக்க நாவலில் பேய் வந்தால், நூறாவது பக்கத்துக்குள் அதன் ஊர், பேர், செத்த காரணம் எல்லாம் தெரிந்து அது நமக்கு உறவுக்காரர் ஆகிவிடும். அப்புறம் என்ன பயம்? ஒரே அமர்வில், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் படித்து முடிக்கிற கதைக்கே முழு வலிமை உண்டு என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இலேயே வாதிட்டார். திகில் கதைகளின் பிதாமகர் அவர், அனுபவித்துத்தான் சொல்லியிருப்பார்.

சரி, ஒரு கதை போதாதா, தொகுதி எதற்கு? இதற்கு விடை வேதாளத்திடம் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய ‘கதாசரித்சாகர’த்தில் இடம்பெற்ற இருபத்தைந்து வேதாளக் கதைகளை நினைத்துப் பாருங்கள். சுடுகாடு, தோளில் பிணம், அதற்குள் புகுந்து பேசும் வேதாளம். கதை முடிந்து ராஜா வாய் திறந்ததும் வேதாளம் மரத்துக்குப் பறந்துவிடும். அவன் மறுபடி நடக்கவேண்டும். அந்த நடைதான் நமக்கு மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரம். பயம், விடுதலை, திரும்பவும் பயம். நல்ல தொகுதி எதற்கும் இதுவே தாளம். வித்யாசாகர் 1847இல் வங்காளிக்குக் கொண்டுவந்த ‘பேதாள் பஞ்சவிம்சதி’ இந்தக் கதைகள்தான். சரியாக நூறு வருஷம் கழித்து, 1947இல் அம்புலிமாமா தொடங்கியது. விக்கிரமன் வாளோடு பிணத்தைச் சுமந்து நடக்கும் சங்கரின் சித்திரம் நம் தலைமுறைக்கு மறக்குமா?

இன்னொரு காரணமும் உண்டு. பேய்க்கு ஊர் உண்டு. இங்கே கல்யாணமாகாமல் இறந்தவள் பேத்னி. சங்கு வளையலோடு வருகிற சுமங்கலிப் பேய் சாக்சுன்னி. மீன் கூடையைக் குறிவைப்பது மேச்சோ பூத். ‘நிஷி’ ராத்திரியில் தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஆனால் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. ஆகவே மூன்றாம் அழைப்புக்குத்தான் பதில் சொல்லவேண்டும். வேல மரத்தின் பிரம்மதைத்யன் அல்ல, வில்வ மரத்தின் பிரம்மதைத்யன் நம் பிரம்மராட்சசனுக்குப் பங்காளி. சதுப்பு நிலத்து ‘ஆலேயா’ வெளிச்சம் நம்மூர்க் கொள்ளிவாய்ப் பிசாசேதான். நாம் நரக சதுர்த்தசிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோமே, அதே சதுர்த்தசி இவர்களுக்குப் ‘பூத் சதுர்த்தசி’. சாயங்காலம் பதினான்கு விளக்கு ஏற்றுகிறார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இதையெல்லாம் பள்ளித் தோழர்கள் மூலம் தெரிந்துவைத்திருக்கிறார்கள். என் பேத்திக்கு சாக்சுன்னி தெரியும், முனி தெரியாது. தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாகக் கூட்டுவாள். திருக்குறளைக் காட்டினால் தூக்கம் வந்துவிடும். (குறள் மேல் குற்றமில்லை, நேரம் இரவு ஒன்பது.) அதே பெண், வேதாளக் கதை ஒன்றைப் பாதியில் நிறுத்தி நான் தண்ணீர் குடிக்கப் போனபோது, புத்தகத்தை இழுத்து மீதியை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ‘விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்’ என்றால் எந்தப் பிள்ளைதான் அடுத்த வரிக்குப் போகாது? வேண்டுமென்றே நிறுத்துவது இப்போது என் வழக்கமாகிவிட்டது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை எடுங்கள். பிச்சை கேட்டு வந்த பெண்ணை மனைவி வீட்டோடு வைத்துக்கொள்கிறாள். கணவனுக்கோ ராத்திரியில் தூக்கம் போகிறது. வந்தவள் யார் என்று கடைசிவரை அடித்துச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். 1943இல் வந்த கதை; இன்றைக்கும் ஜன்னலைச் சாத்தத் தோன்றும். நடை சில இடங்களில் பிள்ளைகளுக்குக் கடினம்; ஆகவே நீங்களே சத்தமாகப் படிப்பது நல்லது. பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் தூங்கிய பிறகு ஆரம்பியுங்கள். அவர்களுக்கு வேதாளம் போதும்.