ஒரு முழத்துக்குள் ஃபியூஸ்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிப் புளியரை வழியாக இறங்கிவரும் கேரளத்துக் கார்களும், பாவூர்ச்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு அதே வழியே ஏறிச்செல்லும் குட்டியானைகளும், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலைப் பார்ப்பதற்கென்று ஒதுங்கி நிற்கும் வேன்களுமாகச் சுரண்டையைச் சுற்றியுள்ள சாலைகள் களைகட்டுகின்றன; அவற்றுள் பாட்டுப் பாடாத வண்டி ஒன்றைக் கண்டுபிடிப்பது, அருவிக்குப் போய் நனையாமல் திரும்புவதைப் போன்ற காரியம். ஆகையால், ஐடிஐ படிப்பை முடித்து, தென்காசியில் ஏதோ ஒரு கடையில் இரண்டு வருஷம் கை பழகிய இளைஞன் ஒருவன், சுரண்டையில் சொந்தமாகக் கார் ஆடியோ கடை போடத் தீர்மானிப்பானாகில், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவன் முதலில் யோசிப்பது கண்ணாடி அலமாரியையும் அதில் அடுக்கவேண்டிய ஊஃபர்களையும் பற்றியதாகவே இருக்கும். நானோ, மூலதனத்தின் முதற்பங்கு செம்பு வயருக்கும், ஃபியூஸுக்கும், நல்ல மல்டிமீட்டர் ஒன்றுக்கும், கிரிம்பிங் கருவிக்கும் போகட்டும் என்பேன்.

1930-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் பால் கால்வின் என்பவர் நடத்திவந்த சிறிய தொழிற்சாலையிலிருந்து காருக்கென்றே ஒரு ரேடியோ வெளிவந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் மோட்டோரோலா. பிற்காலத்தில் கைப்பேசிக்குப் பிரசித்தி பெற்ற கம்பெனி அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. கடன் கேட்கப்போன இடத்தில் பாங்குக்காரரின் காருக்கே அவர் ஒரு ரேடியோவைப் பொருத்திக்கொடுக்க, அரைமணி நேரத்தில் அந்தக் கார் தீப்பற்றிக்கொண்டது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, இத்தொழிலின் பாலபாடம் அதில் இருக்கிறது.

வீட்டு மின்சாரத்தோடு பழகியவர்களுக்குக் காரின் 12 வோல்ட் விளையாட்டுச் சாமானாகத் தோன்றும். தொட்டால் ஷாக் அடிப்பதில்லை. அதனாலேயே பயமும் இல்லை. ஆனால் வோல்ட் குறைந்தால், அதே வேலையைச் செய்ய ஆம்பியர் ஏறியாகவேண்டும் என்பது மின்சார சாஸ்திரத்தின் விதி. வீட்டில் 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் இழுத்துச் செய்யும் வேலைக்கு, காரில் ஐம்பது ஆம்பியருக்குமேல் வேண்டும். டிக்கியிலுள்ள ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் வயர் ஓடுகிறது என்றும், கடைக்காரர் சிக்கனம் கருதி 4 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டுவிட்டார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆம்பியர் அதில் பாயும்போது ஏறக்குறைய ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகிறது. ஐம்பது வாட்டுக்கு மேற்பட்ட உஷ்ணம், அதாவது இரண்டு சோல்டரிங் அயர்ன்களின் சூடு, கால்மிதிக்கு அடியில் ஒருவரும் அறியாமல் உற்பத்தியாகிறது. 20 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால் அது ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி, செம்பென்று விற்பதும் சந்தையில் உண்டு. பிளேடால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரியும். (ஊர்ப் பெயருக்கும் இந்த யுக்திக்கும் சம்பந்தம் கற்பிக்கவேண்டாம்.) அதன் மின்தடை சுத்தச் செம்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு.

அட்டைப்பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 1000 வாட் என்று போட்டிருக்கும் ஆம்ப்ளிஃபயரை வாங்குமுன், அதன் பின்புறத்தில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பார்ப்பது புத்திசாலித்தனம். அங்கே 10 ஆம்பியர் என்று இருக்குமானால், எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டால் அதைப் பெருக்க, வருவது 140 வாட். உஷ்ணமாக விரயமாவதும் அதற்குள்ளேதான் அடங்கவேண்டும். மிச்சமெல்லாம் அச்சகத்தார் கொடுத்த வாட். அப்படியே மெய்யான ஆயிரம் வாட் கிடைத்தாலும், நூறு வாட்டைவிட அது பத்து மடங்கு உரக்கக் கேட்பதில்லை. நம் செவியின் சுபாவம் விசித்திரமானது. சப்தம் இரண்டு மடங்காகத் தோன்றுவதற்கே சக்தி ஏறக்குறையப் பத்து மடங்காகவேண்டும். வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னால் வியாபாரம் கெடும் என்று பயப்படுவோர் உண்டு. சொல்லாத கடைக்கு அவர் இரண்டாம் முறை வருவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம். ஓரிடத்தில் என் காருக்கு இரண்டு புதிய ஸ்பீக்கர்கள் மாட்டினேன். விலை அதிகம், ஆனால் பேஸ் என்பதே இல்லை. தவில் ஒலி தகர டப்பாவைத் தட்டுவதுபோல் வந்தது. பெரிய ஊஃபர் வாங்கவேண்டும் என்று கடையில் சொன்னார்கள். கொடை விழாக்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியே தலை நரைத்த சவுண்டு சர்வீஸ்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கழற்றி எடுத்து வந்தார். டோர் பேடைப் பிரித்து, ஸ்பீக்கருக்கு வரும் இரு வயர்களிலும் அதை ஒரு கணம் தொட்டார். வலப்பக்கத்துக் காகிதக் கூம்பு முன்னே எழும்பியது; இடப்பக்கத்தில், அதே நிற வயர்களில் அதேபோல் தொட்டபோது, கூம்பு உள்ளே அமிழ்ந்தது.

“ஒண்ணு காத்தைத் தள்ளுது, ஒண்ணு இழுக்குது. ரெண்டும் மல்லுக்கு நின்னா பேஸு எங்கன இருந்து வரும், அண்ணாச்சி?” என்றார்.

இரண்டு வயர்களை மாற்றிச் செருகியதும் தவில் திரும்பிவந்தது. செலவு ஒரு டீ.

ஒரு கூம்பு காற்றை அழுத்தும் அதே கணத்தில் மற்றது தளர்த்துமானால், நீண்ட அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கீழ்ஸ்தாயி ஒலியின் அலை எவ்வளவு நீளம் என்பதைப் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்: வினாடிக்கு ஐம்பது அதிர்வுள்ள சப்தத்தின் ஓர் அலை ஏறக்குறைய ஏழு மீட்டர். காரின் உட்புறமோ அதில் பாதிகூட இல்லை. அவ்வளவு பெரிய அலை அங்கே ஓடுவதற்கு இடமில்லாமல், உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒரே சமயத்தில் அமுங்கி விரிகிறது. ஆகவே, வரவேற்பறையில் சோனியாகக் கேட்கும் சிறிய பெட்டி காருக்குள் உறுமுகிறது. ஆனால் கதவுத் தகடு கூடவே அதிர்ந்தால் அந்த அனுகூலம் வீணாகிவிடும். தகட்டின்மேல் டேம்பிங் ஷீட் ஒட்டுவது, இன்னொரு ஸ்பீக்கர் வாங்குவதைவிடப் பலசமயம் உத்தமம்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ‘கீ’ என்று ஏறும் முனகலும் கைவேலையின் குற்றமே. செட்டுக்கு ஓரிடத்திலும் ஆம்ப்ளிஃபயருக்கு வேறோரிடத்திலும் எர்த் கொடுத்து, இரண்டுக்கும் இடையே சிறிய வோல்ட் வித்தியாசம் விழுந்தால், ஆல்டர்னேட்டரின் துடிப்பு பாட்டோடு கலந்துவிடுகிறது. பெயிண்டை நன்றாகச் சுரண்டி, தகட்டின் வெற்றுடம்பில் எர்த்தை முடுக்கினால் பெரும்பாலும் அது ஓய்ந்துபோகும்.

இக்காலத்துக் கார்களில் கம்பெனி வயரை வெட்டினால் வாரண்டிக்கு ஆபத்து. அந்தந்த மாடலுக்குரிய கப்ளரைச் செருகிவிடுவதே மரியாதை. இத்தகைய கடைக்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை: ஒரு காரும் ஒரு குட்டியானையும் நிழலில் நிற்கும் இடம் போதும். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையுள்ள கடனுக்குச் ‘சிசு’ என்றும், அதற்குமேல் 5 லட்சம் வரையுள்ளதற்குக் ‘கிஷோர்’ என்றும் பெயர். கருவிகளுக்குச் சிசுவே ஏறக்குறையப் போதும். சரக்கு அடுக்குவதற்குத்தான் கிஷோரைத் தேடவேண்டும்.

எந்தக் கடையில் செட் மாட்டியிருந்தாலும், வாசகர்களே, இன்று மாலை பானட்டைத் திறந்து ஒன்று பாருங்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயர், எஞ்சின் அறையின் தகட்டில் துளையிட்டு உள்ளே நுழைகிறது. அந்தத் துளையின் விளிம்பில் அதன் தோல் தேய்ந்து தகட்டைத் தொட்டால், சில நூறு ஆம்பியரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கொட்டிவிடப் பேட்டரிக்குச் சக்தி உண்டு. டிக்கியில் இருக்கும் ஃபியூஸ் அதை அறியவே அறியாது. துளையில் ரப்பர் வளையம் இருக்கவேண்டும். பேட்டரியின் பாஸிட்டிவ் முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்த வயரைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டில்லாமல் கடைக்குப் போய்ச் சேருங்கள்.