மேல் பெட்டித் தக்காளி நசுங்குகிறதா? வண்டியின் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்!

விடியற்காலையில் பறித்த தக்காளி. தோட்டத்தில் பெட்டியில் அடுக்கும்போது ஒரு காயில்கூடக் கீறல் இல்லை. மண்டியில் இறக்கும்போது பார்த்தால், மேல் பெட்டிகளில் தோல் உரிந்து நீர் கசிந்திருக்கிறது. 14 கிலோ பெட்டிக்குக் கிடைக்க வேண்டிய விலை ஏலத்தில் இறங்கிவிடுகிறது. ரகத்தைக் குறை சொல்கிறார்கள், பறித்த ஆட்களைக் குறை சொல்கிறார்கள், சாலையைத் திட்டுகிறார்கள். பழைய லோடு வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

தாங்குவது ஸ்பிரிங், அடக்குவது ஷாக் அப்சார்பர்

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால், பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்பிரிங், தள்ளிவிட்ட ஊஞ்சல் போலத் தொடர்ந்து ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். அதன் குழாய்க்குள் ஆயில் இருக்கிறது. வண்டி ஆடும்போது உள்ளே இருக்கும் பிஸ்டன் அந்த ஆயிலைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளுகிறது. கைத்தெளிப்பானை அடிக்கும்போது கையில் ஒரு எதிர்ப்பு தெரியுமே, அதே கதைதான். சீல் தேய்ந்து ஆயில் வெளியேறினால் எதிர்ப்பு போய்விடும், ஆட்டம் நிற்காது.

அடுக்கின் அடிப்பெட்டியில் எடையால் காய் நசுங்கும். மேல் பெட்டியிலோ மேலே எடை இல்லாததால் காய்கள் துள்ளி, உருண்டு, ஒன்றோடொன்று உரசும். அடி லேசாக இருந்து மேலே சேதம் அதிகம் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வண்டியின் ஆட்டத்தைத்தான்.

கூடுதல் பிளேட் போட்டால் சரியாகுமா?

வண்டி ஆடுகிறது என்றதும் ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூட்டுவது பலருடைய வழக்கம். அதனால் வண்டி விறைப்பாகும்; ஆட்டத்தை அடக்கும் வேலை நடக்காது. பாதி லோடு ஏற்றும் நாளில் குலுக்கல் இன்னும் கூடும்.

சரக்கோடு முடிகிற விஷயமும் இல்லை. ஷாக் அப்சார்பர் போன வண்டியில் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும். வளைவில் பிடிமானம் குறையும். ஓட்டுபவரின் உயிரும் இதில் இருக்கிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

காரில் ஒரு மூலையை அழுத்திவிட்டால், ஒன்றிரண்டு ஆட்டத்தில் நிற்க வேண்டும். குட்டி யானை போன்ற லோடு வண்டியின் பின்பக்கம் கைக்கு அசையாது. அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு.

* குழாய் மேல் லேசான ஈரப்பசையும் தூசியும் இருந்தால் பரவாயில்லை. ஆயில் வழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.
* டயர் அங்கங்கே குழி விழுந்ததுபோலத் தேய்ந்திருக்கும்.
* மேடு பள்ளத்தில் ஓட்டி வந்ததும் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். நன்றாக உள்ளது வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. சைலன்ஸர் பக்கம் கை போகக் கூடாது.
* இரு முனைகளிலும் ரப்பர் புஷ் வெடித்திருந்தால் டக் டக் என்று சத்தம் வரும். புஷ்ஷை மட்டும் மாற்றினாலே சரியாவதும் உண்டு.

மாற்றும்போது கவனம்

ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்றால் வண்டி ஒரு பக்கமாக ஆடும்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். வண்டியைத் தூக்கியிருந்தால் அச்சுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஷாக் அப்சார்பரைக் கழற்றியதும் அச்சு இறங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடும்.

புதியதைப் போட்டதும் நட்டுகளை லேசாக மட்டும் திருகி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் நின்ற பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே முறுக்கினால் ரப்பர் புஷ் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

சில வண்டிகளில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகவே இருக்கும். அழுத்தத்தில் உள்ள அந்த ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அதை உரிய கருவி உள்ள மெக்கானிக்கிடம்தான் விட வேண்டும். கேஸ் நிரப்பிய பழைய ஷாக் அப்சார்பரை வெட்டுவதோ நெருப்பில் காட்டுவதோ கூடாது.

அடுத்த பறிப்பு தொடங்கும் முன் ஒரு நாள், காலி வண்டியின் அடியில் நான்கு ஷாக் அப்சார்பரையும் பார்த்துவிடுவது நல்லது. மாற்றிய பிறகு, மண்டியில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது மேல் பெட்டியை.