தகரப் பெட்டியில் இருந்த சான்று

சென்ற மாதம் நம் சங்கத்து அன்பர் ஒருவர் இல்லத்திற்குத் துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தோம். பதினான்கு ஆண்டுகள் கல்லுடைக்கும் ஆலைகளில் உழைத்தவர். இருமி இருமியே உயிர் நீத்தார். அவருடைய மனைவியார் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து நம் முன் வைத்தார். உள்ளே இருந்த மருந்துச் சீட்டுகளில் எல்லாம் 'காசநோய்' என்ற ஒரே சொல். அவர் செய்த தொழில் இன்னதென்று ஒரு சீட்டிலும் இல்லை.

"தூசிதானே அவரைக் கொன்றது? இதை யாரிடம் சொல்வது, தம்பி?" என்று அம்மையார் கேட்டார். ரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கும் அக்கணத்தில் விடை தோன்றவில்லை. பின்னர் விசாரித்து அறிந்தவற்றை அன்பர்கள் நலங்கருதி எழுதுகிறோம்.

விபத்தில் கை போனால் கண்டவர் சாட்சி உண்டு. தூசிக்குச் சாட்சி இல்லை. சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி, பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குப் பின்னரே மூச்சுத் திணறலாக வெளிப்படும். எக்ஸ்-ரே படத்தில் அது காசநோய் போலவே தோன்றக்கூடும். அன்றியும், சிலிக்கோசிஸ் கண்டவரைக் காசநோய் எளிதில் பற்றும். ஆகவே காசநோய் இருந்தது என்பதனாலேயே தூசிநோய் இல்லை என்றாகாது.

இவ்விடர்ப்பாட்டைச் சட்டம் அறியாமல் இல்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், அட்டவணையில் குறித்த தொழிலில், குறித்த காலம் உழைத்தவருக்குக் குறித்த நோய் கண்டால், அது தொழிலால் வந்ததென்றே கொண்டது. அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. சிலிக்கோசிஸ் அவ்வட்டவணையில் உண்டு. பல முதலாளிகளிடம் மாறி உழைத்திருப்பின் அவர்கள் யாவரும் பங்கிட்டுப் பொறுப்பாவர். 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இவ்வழியையே பின்பற்றுகிறது. ஈ.எஸ்.ஐ. காப்பு உள்ளவர் அக்கழகத்திடமே கோர வேண்டும்.

ஆயினும், அத்தொழிலில் இருந்தோம் என்பதையும் நோய் இன்னதென்பதையும் முதலில் காட்ட வேண்டியவர் தொழிலாளியே. இதன் அருமையை உணர்ந்தே, கல்நார்த் தொழிலாளர் வழக்கில் 1995-இல் சுப்ரீம் கோர்ட், அவர்தம் உடல்நலப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகளோ, வேலை நீங்கியபின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்கப் பணித்தது.

நோயாளியிடம் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய வைத்தியர் ரமாஸினி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். டாக்டர் கேளாவிடினும் நாமே சொல்வோம். என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று சீட்டில் எழுதித் தருமாறு வேண்டுவோம். எக்ஸ்-ரே படம், சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிச் சீட்டு, உடன் உழைத்தோர் பெயர், இவற்றைப் போற்றி வைப்போம். மனுவைக் காலந்தாழ்த்தாது கொடுப்போம்.

அம்மையாரின் பெட்டி அடியில் பழைய ஹாஜர் அட்டைகள் இரண்டும், சுருட்டிய எக்ஸ்-ரே படமொன்றும் கிடைத்தன. உடன் உழைத்தவர் இருவர் சாட்சி சொல்ல இசைந்துள்ளனர். மற்றொரு டாக்டர் படத்தைப் பார்வையிட்டு வருகிறார். மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். நம் குடும்பங்களில் இத்தகைய பெட்டிகள் இன்னும் எத்தனையோ! அன்பர்கள் இன்றே திறந்து பார்ப்பார்களாக.