அங்கவீனர் கொடுப்பனவும் கழிவுகளும்: ஐக்கிய அமெரிக்க முறை பற்றிய ஒரு நோக்கு

அரசு வழங்கும் உதவிப் பணத்திலிருந்து ஒரு பகுதி கழிக்கப்படும்போது, அது வெறும் கணக்கு விவகாரமாகவே பொதுவிற் கருதப்படுகின்றது. அறிவித்தற் கடிதத்தில் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். பெறுபவர் அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு அமைதியடைவார், அல்லது அமைதியடையாது விடுவார். ஆயினும், ஒவ்வொரு கழிவின் பின்னும் உழைப்பு, கூலி, உடைமை என்பன பற்றிய ஒரு கருத்துநிலை மறைந்துள்ளது என்பதே நமது துணிபு. எந்த அளவுகோலால் கழிக்கப்படுகின்றது, கழிக்கப்பட்ட தொகை யாரைச் சேர்கின்றது என்னும் இரு வினாக்களையும் எழுப்பினால் அக்கருத்துநிலை வெளிப்பட்டுவிடும்.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வகைத் திட்டங்கள் இரண்டு உள. ஒன்று, உழைத்த காலத்திற் சம்பளத்திலிருந்து செலுத்திய வரியின் அடிப்படையில் வழங்கப்படும் இயலாமைக் காப்புறுதி. இது 1956இற் சட்டமாகியது. மற்றது, வருமானமும் சேமிப்பும் மிகக் குறைந்தோருக்கான குறைநிரப்பு வருமானம். 1972இற் சட்டமாகி 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்னையது உரிமை போன்றது, பின்னையது உதவி போன்றது எனப் பலர் கூறுவர். 'போன்றது' என்ற சொல்லை நாம் காரணத்தோடுதான் இங்கு பயன்படுத்துகின்றோம்.

காப்புறுதிப் பணத்திலிருந்து செய்யப்படும் கழிவுகளுள் முதன்மையானது தொழிலாளர் நட்டஈட்டின் பொருட்டானது. வேலைத்தலத்திற் காயமுற்றவர் தமது மாநிலச் சட்டப்படி நட்டஈடு பெறுவாராயின், அதனையும் மத்திய அரசின் கொடுப்பனவையும் சேர்த்த தொகை அவருடைய முன்னைய சராசரி உழைப்பூதியத்தின் 80 வீதத்தைப் பொதுவாக விஞ்சக்கூடாது. விஞ்சினால் மிகுதி கழிக்கப்படும். 1956இல் இருந்த இத்தகைய கழிவு 1958இல் நீக்கப்பட்டு, 1965இல் இந்த 80 வீத வடிவில் மீண்டும் புகுத்தப்பட்டது.

1971இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த றிச்சாட்சன் எதிர் பெல்ச்சர் வழக்கு இதனை நன்கு விளக்கும். மேற்கு வேர்ஜீனியாவைச் சேர்ந்த பெல்ச்சர் என்னும் தொழிலாளி வேலையிற் காயமடைந்தவர். 1968 ஒக்டோபர் முதல் அவருக்கும் குடும்பத்துக்கும் மாதம் 329.70 டொலர் வழங்கப்பட்டது. அவர் மாநிலத்திடமிருந்து 203.60 டொலர் நட்டஈடு பெறுகிறார் எனக் கண்டதும், 1969 ஜனவரியில் அத்தொகை 225.30 டொலராகக் குறைக்கப்பட்டது. மாதம் 104.40 டொலர் போயிற்று. இரண்டு உதவிகளும் சேர்ந்தால் தொழிலாளி மீண்டும் வேலைக்குத் திரும்ப நாட்டங்கொள்ளான் என்னும் சட்டமன்றத்தின் அச்சம் நியாயமானதே என நீதிமன்றம் பெரும்பான்மையாக ஏற்றுக்கொண்டது.

இங்கே அளவுகோல் மனிதனின் தேவையன்று. அவன் முன்னர் பெற்ற கூலியே. காயமுற்றவனுக்குச் செலவு கூடுமா குறையுமா என்பது கேட்கப்படவில்லை. உழைப்பவனிலும் பார்க்க உழையாதவன் தாழ்ந்த நிலையில் இருத்தல் வேண்டும் என்று 1834ஆம் ஆண்டின் ஆங்கில வறியோர் சட்டச் சீர்திருத்தம் வகுத்த கொள்கையே ஈண்டு சதவீத வடிவம் பெற்று நிற்கின்றது. இயந்திரத்தாற் சிதைக்கப்பட்டோரையும் மிகைத் தொழிலாளர் தொகையின் அடித்தட்டிற் சேர்த்து மார்க்ஸ் நோக்கியதன் பொருத்தம் இவ்விடத்திற் புலனாகும்.

கவனித்தற்குரிய இன்னொன்று: ஒருவர் தனியார் காப்புறுதி மூலம் பெறும் பணத்துக்காக மத்திய அரசு இவ்வாறு கழிப்பதில்லை. பெல்ச்சர் தரப்பு இவ்வேறுபாட்டைச் சுட்டியும் பயனில்லாது போயிற்று. புளொரிடா, மினசோட்டா போன்ற சில மாநிலங்களிலோ கழிவு எதிர்த்திசையிற் செல்கின்றது. அங்கு மத்திய கொடுப்பனவு குறைக்கப்படுவதில்லை. மாநில நட்டஈடே குறைக்கப்படுகின்றது. தொழிலாளியின் கையில் ஏறத்தாழ ஒரே தொகைதான் எஞ்சும். ஆனால், முன்னைய முறையில் மிச்சம் அரச நிதியத்துக்கு, பின்னைய முறையில் முதலாளிக்கோ அவரது காப்புறுதிக் கம்பனிக்கோ. 'ஈடுசெய்தல்' என்று இதனை அழைக்கின்றனர். யாருக்கு ஈடு என்று கேட்பது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. 1981இல் மத்திய அரசு இவ்வழியைப் புதிய மாநிலங்களுக்கு அடைத்துவிட்டது, பழையன தொடர்கின்றன.

வரி செலுத்திப் பெற்ற உரிமையை இவ்வாறு குறைக்கலாமா? 1960இல் முடிவுற்ற பிளெமிங் எதிர் நெஸ்டர் வழக்கு இதற்கு வழி சமைத்திருந்தது. 1913இல் பல்கேரியாவிலிருந்து குடிபெயர்ந்த நெஸ்டர், 1930களிற் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராயிருந்தமைக்காக 1956இல் நாடுகடத்தப்பட்டார். அவரது முதியோர் கொடுப்பனவும் நிறுத்தப்பட்டது. அக்கொடுப்பனவு சேர்ந்துவிட்ட உடைமையன்று என ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் நீதிமன்றம் கூறிற்று. பெல்ச்சர் தீர்ப்பும் அதன்மேல் நின்றே எழுந்தது.

குறைநிரப்பு வருமானத்திற் கணக்கு வேறு. 2025இல் தனியொருவருக்கான உச்ச மத்திய தொகை மாதம் 967 டொலர். ஒருவர் சிறு வேலை செய்து 385 டொலர் உழைத்தாரெனின், வேறு வருமானம் இல்லாதவிடத்து முதல் 20உம் அடுத்த 65உம் விடப்படும். எஞ்சிய 300இற் பாதி, அதாவது 150, கழிக்கப்பட்டு 817 டொலர் கிடைக்கும். உழையா வருமானமாயின் அந்த 20 போக முழுவதுமே கழியும். 20, 65 என்னும் இவ்விரு எண்களும் 1974 தொடக்கம் மாற்றப்படவேயில்லை. விலைவாசி ஏறுந்தோறும் எவரும் சட்டமியற்றாமலே கழிவு பெருகுகின்றது.

இனிக் கடன்கள். காப்புறுதி பெறுவோர் இருபத்து நான்கு மாதங்களின் பின் மருத்துவக் காப்புறுதிக்கு உரியராவதால், அதன் மாதச் சந்தா கொடுப்பனவிலேயே பிடிக்கப்படும். இது எளிதில் விளங்குவது. அரசுக்குரிய கடன்களுக்காகவும் பிடிக்கலாம் என 1996ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. மாதம் 750 டொலருக்குக் கைவைக்கக்கூடாது என்ற காப்பும் அதிலே உண்டு. அவ்வெண்ணும் அன்று தொட்டு அப்படியே நிற்கின்றது. பத்தாண்டு கடந்த கல்விக் கடனுக்கும் இவ்வாறு பிடிக்கலாமென 2005இல் லொக்ஹாட் வழக்கில் உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது. குறைநிரப்பு வருமானம் இப்பிடிப்புக்கு உட்படாது.

'மிகைக் கொடுப்பனவு' என்பது பிறிதொன்று. அலுவலகமே தவறாகக் கூடுதலாக வழங்கியிருப்பினும், அதனைத் திருப்பிப் பெறும் அதிகாரம் அரசுக்குண்டு. காப்புறுதிக் கொடுப்பனவில் முன்னர் முழுத்தொகையையும் நிறுத்திவைக்கும் வழக்கமிருந்தது. 2024 மார்ச்சில் அது 10 வீதமாக்கப்பட்டது. 2025 மார்ச்சில் மீண்டும் முழுத்தொகை என அறிவிக்கப்பட்டு, ஏப்ரலில் 50 வீதமாயிற்று. ஓராண்டு இடைவெளியில் ஒரு குடும்பத்தின் அரைமாத உணவு நிருவாகக் கட்டளையொன்றினால் இங்குமங்கும் அசைந்தது. குறைநிரப்பு வருமானத்தில் மட்டும் 10 வீதம் நிலைத்தது.

ஆதலாற் கழிவு அறிவித்தலைப் பெறுபவர் முதலில் அறியவேண்டியது, அது கொடுப்பனவைக் குறைப்பதா அன்றி முன் கொடுத்ததை மீட்பதா என்பதாகும். கணக்குப் பிழையென்றாலும், மிகைக் கொடுப்பனவே நிகழவில்லை என்றாலும் அறுபது நாளுள் மேன்முறையீடு செய்தல் வேண்டும். மிகைக் கொடுப்பனவு உண்மைதான், ஆனால் தம்மிற் தவறில்லை, திருப்பிக் கொடுத்தால் அன்றாடச் செலவுக்கு வழியில்லை என்பாரோ மீட்பைத் தள்ளுபடி செய்யுமாறு விண்ணப்பிக்கலாம். இவ்விண்ணப்பத்துக்குக் காலவெல்லை கிடையாது.